வீட்டு விலைக் குமிழி உடைந்தபின் வங்கிகளையும் மனைச் சந்தையையும் கணிப்பது எப்படி: அயர்லாந்தின் கணக்கை வைத்து ஒரு வழிகாட்டி

வீட்டு விலை சரிந்த ஒரு நாட்டில் வங்கிகள் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன, சந்தை எப்போது தேறும் என்று அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விலைக் குறியீட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஈடாகப் பெற்ற சொத்துக்கு வங்கி தன் பேரேட்டில் எழுதி வைத்திருக்கும் மதிப்புக்கும், அதே சொத்தை வாங்க வெளியாள் ஒருவர் உண்மையிலேயே கொடுக்க முன்வரும் தொகைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதையே முதலில் அளக்க வேண்டும். அந்தத் தூரம் குறையாத வரை வங்கியும் சந்தையும் தேறா. இதைக் கற்றுக்கொள்ள 2008க்குப் பிந்தைய அயர்லாந்து மிகப் பொருத்தமான பாடம்; அங்கே மறைந்திருந்த இழப்பு படிப்படியாக வெளியே வந்த விதம் பொது ஆவணங்களில் பதிவாகியுள்ளது.

முதல் வேலையாக, வங்கி யாருக்குக் கடன் கொடுத்தது என்று பிரித்துப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் வாங்கியவர் வேலை போனாலும் முடிந்தவரை தவணையைக் கட்டப் பார்ப்பார். விளைநிலத்தை வீட்டு மனையாக்கி விற்கலாம் என்று கடன் வாங்கிய கட்டுமான நிறுவனத்துக்கு, விற்பனை நின்ற நாளிலேயே வருமானமும் நின்றுவிடும். அயர்லாந்தின் பேரிழப்பு இந்த இரண்டாம் வகையில்தான் தொடங்கியது. நிலத்துக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கடன் கொடுத்தே வளர்ந்த ஆங்கிலோ ஐரிஷ் வங்கியை 2009 ஜனவரியில் அரசு தன்வசமாக்கியது. அதே ஆண்டு 4 பில்லியன் யூரோ மூலதனம் இட்டது. இறுதியில் அந்த ஒரு வங்கிக்கு மட்டும் 29.3 பில்லியன் யூரோ செலவானது. ஆகவே ஆண்டறிக்கையில் மொத்த வாராக்கடன் விகிதத்தைப் பார்ப்பதற்கு முன், 'நிலமும் கட்டுமானமும்' என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்து, வெளியாள் ஒருவர் கடன்களை வாங்கிய கணக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இதைப் போல் தெளிவான சான்று வேறு கிடைப்பது அரிது. அதனால் இதில் நேரம் செலவிடுவது வீணாகாது. அயர்லாந்தில் அந்த வெளியாள், வங்கிகளின் நிலம், கட்டுமானக் கடன்களை வாங்குவதற்காக அரசு அமைத்த, 'நாமா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசியச் சொத்து மேலாண்மை முகமை. 2009 செப்டம்பரில் திட்டத்தை அறிவித்தபோது, ஏறத்தாழ 77 பில்லியன் யூரோ கடன்களை 54 பில்லியனுக்கு வாங்கப்போவதாக அரசு மதிப்பிட்டது. அதாவது 30 விழுக்காடு கழிவு. கடன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, ஆவணங்களும் ஈட்டு உரிமைகளும் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தன. முடிவில் 74 பில்லியன் மதிப்புள்ள கடன்களுக்கு 31.8 பில்லியன் மட்டுமே தரப்பட்டது. கழிவு 57 விழுக்காடு. அந்த 31.8 பில்லியனிலும் 5.6 பில்லியன் அன்றைய சந்தை மதிப்புக்கு மேலாக அரசு உதவியாகச் சேர்க்கப்பட்ட தொகை என்பதைக் கவனியுங்கள். அதைக் கழித்துவிட்டால், நூறு யூரோ கடனின் உண்மை விலை சுமார் 35 யூரோ என்றாகிறது. எந்த நாட்டிலும் சொத்து மேலாண்மை முகமையின் கணக்கைப் படிக்கும்போது, கொடுத்த விலை சந்தை விலையா, 'நீண்டகால மதிப்பு' என்ற பெயரில் ஏற்றப்பட்ட விலையா என்று கேட்டே தீர வேண்டும்.

மூன்றாவதாக, தவணை ஒழுங்காக வந்தாலும் வங்கிக்கு நட்டம் தரும் கடன்கள் உண்டு என்பதை மறக்காதீர்கள். ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டியோடு கட்டப்பட்ட 'டிராக்கர்' வீட்டுக்கடன்களை அயர்லாந்து வங்கிகள் ஏராளமாகக் கொடுத்திருந்தன. அந்த வட்டி அடிமட்டத்துக்கு இறங்கியபின் வாடிக்கையாளர் மிகக் குறைந்த வட்டியே கட்டினார். வங்கியோ தனக்கு வேண்டிய பணத்தை அதைவிட அதிக வட்டிக்குத் திரட்ட வேண்டியிருந்தது. தவணை வந்துகொண்டிருக்கும் வரை இத்தகைய கடன் வாராக்கடன் பட்டியலில் வராது. எனவே வங்கி தன் பணத்தை எங்கிருந்து திரட்டுகிறது என்பதையும் பாருங்கள். வைப்புத்தொகையைவிடக் கடன் வெகுவாக மிஞ்சியிருந்தால், குறுகிய காலக் கடன் சந்தை மூடிய அன்றே அந்த வங்கி தடுமாறும். 2008 செப்டம்பர் இறுதியில் ஆறு நிதி நிறுவனங்களின் வைப்புகளுக்கும் பெரும்பாலான கடன் பொறுப்புகளுக்கும் அரசு உத்தரவாதம் கொடுக்க நேர்ந்ததற்கும், 2010 நவம்பரில் 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டத்தை நாடு ஏற்க நேர்ந்ததற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்போது விலைக் குறியீட்டை எடுக்கலாம். ஆனால் அது எவற்றை அளக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2016 வரை வெளியிட்ட குறியீடு, வங்கிக் கடனில் வாங்கிய வீடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தி, ரொக்கம் வைத்திருப்பவர்களே வாங்கும் காலத்தில் அத்தகைய குறியீடு சந்தையின் பெரும்பகுதியைத் தவறவிடும். ஆகவே, எத்தனை விற்பனைகள் நடந்தன என்ற எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்தே விலையைப் படிக்க வேண்டும். 2012-இல் திறக்கப்பட்ட வீட்டு விலைப் பதிவேடு, 2010 முதலான ஒவ்வொரு விற்பனையையும் முகவரியோடும் விலையோடும் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. விளம்பரத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, பதிவான விலையைப் பார்க்கும் பழக்கத்தை இங்கிருந்து தொடங்கலாம். 2007-இன் உச்சத்திலிருந்து 2013 தொடக்கம் வரை நாடு முழுவதும் வீட்டு விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பிறகு குடும்பங்களின் பக்கம் திரும்புங்கள். வீட்டை விற்றாலும் மிச்சக் கடன் கடனாளியின் தலைமேல் நிற்கும் சட்டமா, வீட்டை ஒப்படைத்தால் தீரும் சட்டமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். அயர்லாந்தில் மிச்சக் கடன் தொடர்ந்து துரத்தும். அதனால் வீட்டு மதிப்பைவிடக் கடன் மிகுந்த குடும்பங்கள் விற்கவும் முடியாமல், வேலை கிடைத்த ஊருக்கு மாறவும் முடியாமல் சிக்கிக் கிடந்தன. குடியிருக்கும் வீட்டின் மீதான கடன்களில் 90 நாளுக்கு மேல் தவணை தவறியவை 2013-இல் சுமார் 13 விழுக்காட்டை எட்டின. விலை அடிமட்டத்தைத் தொட்டு ஏறத் தொடங்கிய அதே ஆண்டில்தான் இந்த எண் உச்சத்தில் நின்றது. இந்த விழுக்காட்டோடு, மறுசீரமைத்த கடன்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே பாருங்கள். தவணைக் காலத்தை நீட்டியும் வட்டி மட்டும் கட்டச் சொல்லியும் தள்ளிவைத்த இழப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, கட்டி முடிக்காமல் நிற்கும் வீடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2010-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் 2,846 குடியிருப்புத் திட்டங்கள் பார்வையிடப்பட்டன. தெருவிளக்கும் கழிவுநீர்க் குழாயும் இல்லாத வீடுகளில் குடும்பங்கள் தனித்துக் கிடந்த அவலத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அவற்றைக் கண்டு, இந்த நாட்டுக்கு இனி வீடே தேவையில்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் அவற்றில் பல, வேலையில்லாத ஊர்களில் நின்றன. டப்ளினில் கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்க, அங்கே வாடகை ஏறியது. 2022-இல் நாட்டின் வீட்டு விலை 2007-இன் உச்சத்தையே தாண்டியது. ஆகவே காலி வீடுகளை நாட்டு மொத்தமாகக் கூட்டாமல், ஊர்வாரியாக, வேலைவாய்ப்பு இருக்கும் இடத்திலிருந்து எத்தனை தொலைவு என்ற கணக்கோடு எடுத்துக்கொள்ளுங்கள்.