பூட்டிய பணம் என்று நம்பாதீர்கள்: ஆஸ்திரேலிய சூப்பர் நிதிகளில் பணச்சலவையும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் யாருக்கும் 'சூப்பர்' பற்றிச் சொல்லத் தேவையில்லை. சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி 'சூப்பர்' எனும் இந்த ஓய்வுக்கால நிதியில் கட்ட வேண்டும். 2025 ஜூலை முதல் இதுதான் விகிதம். இப்படிச் சேர்ந்து கிடக்கும் மொத்தப் பணம் 4 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பணம் இருந்தும், கறுப்பை வெள்ளையாக்கும் வேலை இங்கே நடக்கும் என்று பலர் நினைப்பதில்லை. 60 வயது வரை எடுக்க முடியாத பணத்தில் குற்றவாளிக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள். நிதி நிறுவனங்களும் உறுப்பினர்களும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

அப்படி நினைப்பதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. பணச்சலவைத் தடுப்புக்கு உலக அளவில் விதிமுறை வகுக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு, அபாயம் குறைவாக இருக்கக்கூடியவற்றின் உதாரணங்களில் ஓய்வூதியத் திட்டங்களையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனை இருக்கிறது: பணம் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்டப்பட வேண்டும், உறுப்பினர் தன் பங்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாதபடி விதி இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை விட்டுவிட்டு, எல்லாக் கணக்குகளுக்கும் 'அபாயம் குறைவு' என்று ஒரே முத்திரை குத்துவதுதான் முதல் தவறு.

சொந்தப் பணத்தை உறுப்பினர் தானாகக் கட்டும்போது சம்பளப் பிடித்தம் என்ற பேச்சே இல்லை. 2025–26 நிதியாண்டில் வரி கட்டிய பணத்திலிருந்து 1,20,000 டாலர் வரை கட்டலாம். தகுதி இருந்தால் மூன்று ஆண்டுக்கான வரம்பை ஒன்றாகச் சேர்த்து 3,60,000 டாலர் வரை போடலாம். 55 வயதைத் தாண்டியவர் நீண்ட காலம் வைத்திருந்த வீட்டை விற்றால், அதிலிருந்து இன்னும் 3 லட்சம் வரை தனியாகக் கட்ட வழி இருக்கிறது. அப்புறம், 60 தாண்டி வேலையை விட்டவருக்கும் 65 ஆனவருக்கும் பூட்டே கிடையாது. இன்று போட்டதை அடுத்த மாதம் எடுக்கலாம். எடுத்த பணம் 'என் சூப்பர் பணம்' என்ற நல்ல பெயரோடு வங்கிக்குப் போகும்.

ஆகவே 28 வயது செவிலியரின் சம்பளக் கணக்கும், 3 லட்சம் டாலரைப் போட்டு ஆறு வாரத்தில் திரும்ப எடுக்கும் 66 வயதுக்காரரின் கணக்கும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. இரண்டாமவரிடம் பணம் எங்கிருந்து வந்தது, இவ்வளவு சீக்கிரம் ஏன் வேண்டும் என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். வீடு விற்ற பத்திரத்தைக் காட்டினால் விஷயம் அதோடு முடிந்தது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. உள்ளே வரும் பணத்தை மட்டும் சந்தேகிப்பது. சூப்பரைப் பொறுத்தவரை குற்றப்பணம் வெளியிலிருந்து வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. நிதிக்குள்ளேயே திருட்டு நடந்து, அந்தப் பணம்தான் வெளியே போய்ச் சலவையாகிறது. மெல்பர்னைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணும் அவருடைய கூட்டாளிகளும் மாட்டிய வழக்கு இதற்கு நல்ல பாடம். டார்க்நெட் எனும் மறைமுக இணையத்தில் விற்பனைக்கு வந்த அடையாள விவரங்களை வாங்கி, அந்தப் பெயர்களில் வங்கிக் கணக்குகளைத் திறந்து, மற்றவர்களின் சூப்பர் கணக்குகளிலிருந்தும் பங்கு வர்த்தகக் கணக்குகளிலிருந்தும் 30 லட்சம் டாலருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். பணம் ஹாங்காங்குக்குப் போனது. அங்கே அதை வைத்து விலையுயர்ந்த பொருட்களை வாங்கி விற்று, கிடைத்ததைக் கிரிப்டோவாக மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். 2021-ல் அந்தப் பெண்ணுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இத்தகைய திருட்டில் ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் சாதாரணமானது. ஒருவர் கைபேசி எண்ணை மாற்றுகிறார். சில நாள் கழித்து மின்னஞ்சல் மாறுகிறது. பிறகு புது வங்கிக் கணக்கு சேர்கிறது. கடைசியில் பணம் கேட்டு விண்ணப்பம் வருகிறது. எண்ணை மாற்றியது அழைப்பு மையம், பணம் அனுப்புவது வேறொரு பிரிவு. இருவரும் ஒரே திரையைப் பார்ப்பதில்லை என்றால் நான்கு சாதாரண வேலைகள் ஒழுங்காக நடந்து முடியும், 59 வயதுத் தொழிலாளி ஒருவரின் முப்பது வருட உழைப்பு போயிருக்கும். விவரம் மாறிய கணக்கிலிருந்து சில நாட்களுக்குப் பணம் வெளியே போகாதபடி தடுத்து வைப்பதும், பழைய எண்ணுக்கும் பழைய மின்னஞ்சலுக்கும் தகவல் அனுப்புவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

2025 ஏப்ரலில் பல பெரிய நிதிகள் ஒரே சமயத்தில் தாக்கப்பட்டன. வேறெங்கோ திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு உறுப்பினர் கணக்குகளுக்குள் நுழையப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியன்சூப்பர் நிதியில் மட்டும் நான்கு பேர் சேர்ந்து சுமார் 5 லட்சம் டாலரை இழந்தனர். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் கட்டாயம் என்றிருந்தால், திருடிய கடவுச்சொல் மட்டும் போதாமல் போயிருக்கும்.

அடையாளச் சரிபார்ப்பிலும் ஒரு வலுவான மூடநம்பிக்கை இருக்கிறது. சூப்பர் கணக்கை முதலாளியே தொடங்கிவிட முடியும் என்பதால், நிதி நிறுவனம் தன் உறுப்பினரை முழுமையாகச் சரிபார்ப்பது பெரும்பாலும் பணம் கொடுக்கும் நேரத்தில்தான். அதுவரை பல வருடம் அவர் ஒரு பெயர், ஒரு எண், அவ்வளவுதான். அந்தக் கடைசி நேரத்தில் ஓட்டுநர் உரிம எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் அரசுப் பதிவோடு பொருந்தினால் 'சரி, இவர்தான்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 2022-ல் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனம், மெடிபேங்க் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் இரண்டிலும் சேர்த்து கோடிக்கு மேற்பட்டோரின் தகவல்கள் திருடு போனதை மறந்துவிட முடியுமா? உரிம எண் பொருந்தினால் அந்த உரிமம் உண்மையானது என்றுதான் அர்த்தம். அதைக் காட்டுபவர் அதன் சொந்தக்காரர்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

அடுத்தது ரோல்ஓவர், அதாவது ஒரு சூப்பர் நிதியிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றுவது. 'பணம் இன்னொரு சூப்பர் நிதிக்குத்தானே போகிறது, வெளியே போகவில்லையே' என்று கவனத்தைத் தளர்த்துவது ஆபத்தான தவறு. அந்த இன்னொரு நிதி உறுப்பினர்களே நடத்தும் எஸ்.எம்.எஸ்.எஃப். ஆக இருந்தால் நிலைமையே வேறு. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் பெரிய நிதிகளின் டிரஸ்டிகளை, அதாவது நிதியை நடத்தும் பொறுப்பாளர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது; எஸ்.எம்.எஸ்.எஃப். டிரஸ்டிக்கு அந்தக் கடமை இல்லை. பணம் அங்கே போன பிறகு அதைக் கவனிக்க வங்கியும், ஆண்டுக்கொரு முறை வரும் தணிக்கையாளரும், வரி அலுவலகமும்தான் மிச்சம். மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எஸ்.எம்.எஸ்.எஃப். ரோல்ஓவர்களை 2021 அக்டோபர் முதல் சூப்பர்ஸ்ட்ரீம் என்ற மின்னணு முறை வழியாகச் செய்வதும், வரி அலுவலகத்தின் சரிபார்ப்புச் சேவையில் அந்த நிதியையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடுவதும் இதற்காகத்தான். ஆனால் போலி நிதியை உறுப்பினர் பெயரிலேயே முறையாகப் பதிவு செய்திருந்தால் சரிபார்ப்பில் எல்லாமே பொருந்திப்போகும். நேற்று தொடங்கிய எஸ்.எம்.எஸ்.எஃப்.-க்கு முழு இருப்பும் போகிறது என்றால், பதிவில் ஏற்கெனவே இருந்த பழைய எண்ணில் உறுப்பினரைக் கூப்பிட்டுப் பேசுவதுதான் வழி.

சந்தேகம் வந்த பிறகும் தவறு நடக்கிறது. நிரூபிக்க ஆதாரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பணச்சலவையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஸ்ட்ராக்குக்குத் தேவை நியாயமான சந்தேகம், நிரூபணம் அல்ல. சந்தேகம் உருவானதிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் அறிக்கை போக வேண்டும். பயங்கரவாத நிதியுதவி தொடர்பானது என்றால் 24 மணி நேரம்தான். நிர்வாக வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் செல்லாது. பொறுப்பு டிரஸ்டியுடையது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் மனதை உறுத்துகிறது. கடும் பணக்கஷ்டத்தில் சூப்பரிலிருந்து முன்கூட்டியே எடுக்கச் சட்டமே இடம் தருகிறது. 26 வாரம் தொடர்ந்து அரசு உதவித்தொகையில் இருப்பவர் 12 மாதத்தில் 10,000 டாலர் வரை கேட்கலாம். அவர் கேட்கும் சிறு தொகையை வாரக்கணக்கில் துருவிவிட்டு, 3 லட்சத்தை ஒரே நாளில் அனுப்பிவைக்கும் முறை யாரையும் காப்பாற்றாது. பெயரையும் பிறந்த நாட்டையும் பார்த்துச் சந்தேகிப்பதும் இதே வகைதான்.

உறுப்பினர்களுக்கும், குறிப்பாகத் தற்காலிக விசாவில் போய் வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் சில விஷயங்கள். விசா முடிந்து நாடு திரும்பியதும் சூப்பர் பணத்தைக் கேட்டுப் பெற உரிமை உண்டு. வரி அலுவலகத்தின் இணையதளத்திலேயே கட்டணமில்லாமல் விண்ணப்பிக்கலாம். 'நான் எடுத்துத் தருகிறேன், மைகவ் கடவுச்சொல்லை மட்டும் கொடு' என்பவரிடம் அந்த அரசு இணையச் சேவைக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால், உங்கள் வரிக்கோப்பும் சூப்பரும் சேர்ந்து அவர் கைக்குப் போகும். உங்கள் வங்கிக் கணக்கில் யாரோ ஒருவரின் சூப்பர் பணம் வரட்டும், கமிஷன் தருகிறேன் என்பவருக்கு நீங்கள் செய்வது உதவியல்ல. திருட்டுப் பணத்தைக் கடத்தும் வேலை. எஸ்.எம்.எஸ்.எஃப். தொடங்கி 60-க்கு முன்பே பணத்தை எடுத்துத் தருகிறேன் என்பவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எடுத்த முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி வரும். அபராதம் தனி.

எஸ்.எம்.எஸ்.எஃப்.-ல் ஒருவரை உறுப்பினராகச் சேர்த்தாலோ அதன் வங்கிக் கணக்கை மாற்றினாலோ வரி அலுவலகம் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பும். நீங்கள் செய்யாத மாற்றத்துக்கு அப்படி ஒன்று வந்தால், அதில் உள்ள எண்ணையோ இணைப்பையோ தொடாமல், பழைய அறிக்கைத் தாளில் இருக்கும் எண்ணில் உங்கள் சூப்பர் நிதியை அன்றே கூப்பிட்டு, ரோல்ஓவரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பிறகு வரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் பேசலாம்.