சுண்ணாம்புக் கல்லில் சிப்பி தேடுவது எப்படி?

திருநெல்வேலி பக்கத்துத் தாழையூத்துக் கல்லில் புதைபடிவம் தேடி அலைய வேண்டாம். சிமெண்டுக்குப் போகும் அந்தக் கல், பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய படிகச் சுண்ணாம்பு. உடைத்தால் கல்கண்டு போல மினுங்கும். ஓட்டின் தடம் மிஞ்சாது. போக வேண்டியது கடலோரம். மணப்பாடு, இடிந்தகரைப் பக்கம் மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால் இறுகிய கல் தென்படும்.

10 மடங்கு லென்ஸ், பழைய பல்துலக்கி, சொட்டுக் குப்பியில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். கலக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றினால் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்.

உப்புப் படிந்த மேல்பரப்பைத் துலக்கிவிட்டு, உடைந்த முகத்தில் ஒரு சொட்டு விடுங்கள். உடனே நுரைத்தால் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். பொடித்த பிறகே மெல்ல நுரைத்தால், மக்னீசியம் கலந்த டோலமைட்டாக இருக்கலாம். நல்ல ஓட்டின் மேல் மட்டும் விடாதீர்கள், வரிகள் கரைந்துவிடும்.

சங்கு, நத்தை இருந்த இடத்தில் பெரும்பாலும் வெறும் குழிதான் இருக்கும். அவற்றின் ஓடு அரகோனைட் என்ற வேறொரு சுண்ணாம்புக் கனிமம். மழைநீரில் சீக்கிரம் கரையும். ஆளிச் சிப்பியின் ஓடு கால்சைட் என்பதால் அடுக்கடுக்காக அப்படியே நிற்கும். குழியையும் விட்டுவிடாதீர்கள், உள்ளே களிமண்ணை அழுத்தி எடுத்தால் சங்கின் உருவம் கிடைக்கும்.

பலரும் ஏமாறுவது சுக்கான்கல்லில். தேரி எனும் செம்மணல் மேட்டு மண்ணில் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு இறுகிய குழாயை எலும்பு என்பார்கள். குறுக்கே பாருங்கள்: நடுவே துளை, சுற்றிலும் மணல்.

எடுக்கும் முன் அளவுகோல் வைத்துப் படம் பிடியுங்கள். கோயில், சர்ச் நிற்கும் பாறையில் சுத்தியல் வேண்டாம்.