ட்ரவுட் மீனுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர்? வழுக்கையாற்று மதகடியில் ஒரு கணக்கு

கனடாவில் இருக்கும் மருமகன் போனில் கேட்டான்: "மாமா, எங்கட வீட்டுக்குக் கிட்ட ஓடுற ஆத்தில ட்ரவுட் இருக்கு. அதுக்கு எவ்வளவு தண்ணி ஓடினால் போதும்?"

"எந்த வயசு ட்ரவுட்டுக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ட்ரவுட் இல்லை, வரவும் வராது. இலங்கையில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஏற வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன் அது. ஆனால் ஓட்டத்தை அளந்து பழக நம்முடைய வழுக்கையாறே போதும். ஆறு என்று பேர்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஓடும். கோடையில் அதற்குள் மாடு மேயும்.

படி 1: ஓட்டத்தை அளப்பது

தேவையானவை: அளவுநாடா, ஒரு நீளத் தடி, போனில் உள்ள நிறுத்தற்கடிகாரம், ஒரு தோடம்பழம். நான் முதல்நாள் வீட்டு மரத்துத் தேசிக்காயைக் கொண்டுபோனேன். போட்டதும் தாண்டுபோய்விட்டது. தோடம்பழம் முக்கால்வாசி அமிழ்ந்தபடி மிதக்கும், காற்றும் அதைத் தள்ளாது.

வளைவு இல்லாத 10 மீற்றர் துண்டு ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே ஐந்து இடங்களில் தடியை ஊன்றி ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். பழத்தைக் கொஞ்சம் மேலேயே போட்டு, 10 மீற்றரைக் கடக்க எத்தனை செக்கன் என்று மூன்று தரம் பாருங்கள்.

அகலம் 3 மீற்றர், சராசரி ஆழம் 0.25 மீற்றர், நேரம் 25 செக்கன் என்று வையுங்கள். மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். அடியில் ஓட்டம் மந்தம் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும், 0.34 வரும். 3 × 0.25 × 0.34 = 0.255 கனமீற்றர், அதாவது செக்கனுக்கு 255 லீற்றர். அவ்வளவுதான். வெள்ளம் முழங்காலுக்கு மேல் இழுத்தால் மட்டும் இறங்காதீர்கள்.

படி 2: மீனின் வயதைப் பிரிப்பது

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆறுதலாக வாசியுங்கள்.

முட்டையிடும் தாய்மீன் சரளைக்கல் உள்ள இடமாகப் பார்த்து, வாலால் அடித்துக் குழி பறிக்கும். அங்கே நீர் ஏறத்தாழ ஒரு சாண் ஆழமாவது இருக்க வேண்டும். நீர் கற்களுக்கு மேலால் செக்கனுக்கு 20 முதல் 60 சென்ரிமீற்றர் வரை ஓடினால் நல்லது. பழுப்பு ட்ரவுட் வடநாடுகளில் இலையுதிர்காலத்தில் முட்டையிடும், வானவில் ட்ரவுட் பெரும்பாலும் இளவேனிலில்.

முட்டை கல்லுக்கு அடியில் கிடக்கும் காலம்தான் எனக்குப் பெரிய கவலை. 10 பாகை செல்சியஸில் பழுப்பு ட்ரவுட் முட்டை பொரிக்க ஏறத்தாழ ஒன்றரை மாதம், 5 பாகையில் மூன்று மாதம் வரை ஆகும். பொரித்த பிறகும் குஞ்சு தன் வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையில் உள்ளதைத் தின்றபடி சில கிழமை கல்லுக்குள்ளேயே இருக்கும். அந்த நாள் முழுக்கக் கல்லிடுக்கால் ஒட்சிசனோடு நீர் ஊறிப் போகவேண்டும். சேறு படிந்து அடைத்தாலும் சாவு, நீர்மட்டம் இறங்கிக் குழி வெளியே தெரிந்தாலும் சாவு.

வெளியே நீந்தி வரும் குஞ்சுக்குத் தேவை நேர்மாறு. விரல்நுனி அளவான அதற்குக் கரையோரத்தில் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்துக்குள் ஓடும் ஆழமில்லாத நீர் வேண்டும். அந்தக் கிழமைகளில் பெருவெள்ளம் வந்தால் ஒரு வருசத்துக் குஞ்சே அடிபட்டுப் போகும். நம் விரால் மாதிரி தாயும் தகப்பனும் பக்கத்தில் நின்று காவல் காப்பதும் இல்லை.

வளர்ந்த மீன் ஆழமான மடுவில், ஒரு கல்லின் மறைவில் நின்று, பக்கத்து வேக நீர் அள்ளிவரும் பூச்சியை எட்டிப் பிடிக்கும். கோடையில் ஓட்டம் குறைந்தால் மடு சூடேறும்: 20 பாகையைத் தாண்டினால் மீன் வாடும், 25 உயிராபத்து. விரால் மேலே வந்து காற்றைக் குடித்துத் தப்பும், ட்ரவுட்டுக்கு அந்த வித்தை தெரியாது.

படி 3: மாதக் கட்டம் போடுவது

கொப்பியில் 12 கட்டம் கீறுங்கள். மேல்வரியில் அளந்த ஓட்டம், கீழ்வரியில் அந்த மாதம் ஆற்றில் இருக்கும் வயது. மருமகனின் ஆற்றுக்கு இப்படிக் கற்பனை செய்தோம்: கார்த்திகையில் செக்கனுக்கு 800 லீற்றர், தையில் 250, வருசச் சராசரி 400.

சராசரியைப் பார்த்தால் குறையில்லை. ஆனால் 800 ஓடும்போது மீன் கரைப்பக்கச் சரளையில் முட்டையிட்டிருக்கும். 250க்கு இறங்கும்போது அந்தக் குழி காய்ந்திருக்கும். அதனால் கேட்க வேண்டியது, முட்டையிட்ட நாளின் மட்டத்திலிருந்து பொரிக்கும்வரை நீர் எவ்வளவு இறங்குகிறது என்பதையே.

படி 4: ஒரு குறுக்கு வழி, கவனத்தோடு

அமெரிக்காவில் டெனன்ற் என்பவர் 1976இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. வருசச் சராசரியில் 10 வீதம் ஓடினால் மீன் கொஞ்சநாள் உயிர் பிழைக்கும், 30 வீதம் ஓரளவு நல்ல வாழ்வு, 60 வீதம் மிகச் சிறப்பு. நம் கணக்கில் 40, 120, 240 லீற்றர். முதல் பார்வைக்கு நல்லது. ஆனால் இதன்படி தை மாத 250 லீற்றர் "மிகச் சிறப்பு" ஆகிவிடுகிறது, முட்டையோ கரையில் காய்கிறது. ஆகவே படி 3ஐ முடிக்காமல் இதைத் தொடாதீர்கள்.

மருமகன் இப்போது பாலத்துத் தூணில் சென்ரிமீற்றர் கோடு கீறி, கிழமைக்கு ஒருதரம் படம் அனுப்புகிறான். போன கிழமைப் படத்தில் மட்டம் ஏழு கோடு இறங்கியிருந்தது. குழி எந்தக் கோட்டில் என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.