பூண்டை நசுக்கிய கையோடு வாணலியில் போடாதீர்கள்

செடிகொடிகளில் இருக்கும் சேர்மங்கள் உடலுக்குள் போய், செல்களைச் சேதப்படுத்தும் 'ஃப்ரீ ராடிக்கல்'களைப் பிடித்து அழிக்கின்றன, அதனால் முதுமை தள்ளிப்போகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. உணவு விஷயத்தில் நாம் செய்யும் மற்ற தவறுகளில் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. இந்தச் சேர்மங்களில் ஒரு பெரிய வகை பாலிஃபீனால்கள். நாம் சாப்பிடும் பாலிஃபீனால்களில் ரத்தத்தை எட்டுவது மிகச் சொற்பம். நேரடியாக எதையும் துடைத்தெடுக்க அது போதாது.

நடப்பது வேறு. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செடி தயாரித்து வைத்திருக்கும் காரமான, கசப்பான பொருள்கள் பலவற்றை நம் செல்கள் லேசான நஞ்சாகவே எடுத்துக்கொள்கின்றன. உடனே என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய், நச்சு நீக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. சின்னச் சீண்டல், அதற்குப் பதிலாகப் பலமான காவல். இதை ஹார்மீசிஸ் என்கிறார்கள். புழு, எலி, செல் வளர்ப்பு ஆகியவற்றில் இது நன்றாகத் தெரிகிறது. மனித ஆயுளைக் கூட்டுவதாக எந்த ஒரு சேர்மத்துக்கும் இதுவரை நிரூபணம் இல்லை.

சீண்டலை அமுக்கிவிட்டால் என்ன ஆகும்? உடற்பயிற்சியும் உடலுக்கு இப்படியொரு சீண்டல்தான். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 4 வாரம் தினமும் 1000 மி.கி. வைட்டமின் சி, 400 ஐ.யு. வைட்டமின் ஈ கொடுத்தார்கள். இரண்டுமே ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் 'ஆன்டிஆக்சிடன்ட்'கள். பயிற்சியால் உடல் இன்சுலினுக்கு நன்றாக ஈடுகொடுக்கும்; அந்த முன்னேற்றம் அவர்களுக்கு வரவில்லை. ஆகவே 'ஆன்டிஆக்சிடன்ட்' அளவை லேபிளில் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை.

அடுத்தது சமையல். இங்கேதான் நல்ல காயும் வீணாகிறது. பிராக்கலியில், மேலே சொன்ன காவலைத் தூண்டும் சேர்மமான சல்ஃபராஃபேன் தயாராக இருப்பதில்லை. அதன் மூலப்பொருள் ஓர் அறையிலும், அதை மாற்றும் மைரோசினேஸ் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டு அறை உடைந்தால்தான் இரண்டும் கலக்கும். நறுக்கியதும் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், மூலப்பொருளும் தண்ணீரோடு போய்விடும். பொடியாக நறுக்கி 40 நிமிடம் வைத்துவிட்டுச் சமையுங்கள். நேரமில்லையா, 3 நிமிடம் மட்டும் ஆவியில் வேகவையுங்கள். உறைந்த பாக்கெட்டில் வருவது ஏற்கெனவே வெந்நீர் கண்டது, நொதி அநேகமாக இருக்காது. அதைச் சமைத்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் 200 கிராமுக்கு 1 கிராம் கடுகுப் பொடி தூவுங்கள். கடுகிலும் அதே நொதி உண்டு. பூண்டுக்கும் இதே கதைதான்: அதன் காரச் சேர்மமான அல்லிசின் நசுக்கிய பிறகே உருவாகிறது, அதனால் நசுக்கி 10 நிமிடம் விட்டுச் சமையுங்கள்.

இதைப் பார்த்து எல்லாவற்றையும் பச்சையாகத் தின்னக் கிளம்பிவிட வேண்டாம். தக்காளியின் சிவப்பு நிறமியான லைகோபீன், எண்ணெயோடு வெந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

எலியின் கணக்கை மனிதருக்கு அப்படியே போடுவது இன்னொரு தவறு. 2006இல் கொழுப்பு மிகுந்த உணவு தின்ற எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 22 மி.கி. ரெஸ்வெரட்ரால் (திராட்சையில் இருக்கும் சேர்மம்) தினமும் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்தன. 60 கிலோ மனிதருக்கு அது 1320 மி.கி. எலியின் வேகமான வளர்சிதை மாற்றத்தைக் கருதிப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 110 மி.கி. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் இருப்பதோ சில மி.கி. மட்டுமே. போதாததற்கு, வழக்கமான உணவு தின்ற எலிகளுக்கு அது ஆயுளைக் கூட்டவும் இல்லை.

அப்படியானால் மாத்திரையாக விழுங்கலாமே என்று தோன்றும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினைத் தினமும் 20 மி.கி. மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கிரீன் டீ சாற்று மாத்திரைகளில் அதன் முக்கியச் சேர்மமான ஈ.ஜி.சி.ஜி. நாளுக்கு 800 மி.கி.யைத் தொட்டால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயரக்கூடும். மஞ்சள் மாத்திரையில் மிளகின் காரச் சேர்மமான பிப்பெரினைச் சேர்ப்பது, மஞ்சளின் சேர்மமான குர்குமினை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றத்தான். ஆனால் அதற்காகப் பிப்பெரின் தடுப்பது கல்லீரலின் கழிவகற்றும் வேலையை. கூடவே சாப்பிடும் வேறு மருந்துகளும் அதனால் ரத்தத்தில் தேங்கலாம்.

மருந்து சாப்பிடுபவர்கள் உணவிலேயே கவனிக்க வேண்டியது கிரேப்ஃப்ரூட் என்ற பப்ளிமாஸ் போன்ற பழம். கொலஸ்டிராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியை அது முடக்கிவிடும். காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டும் பயனில்லை. முடங்கிய நொதிக்குப் பதிலாகக் குடல் புதிதாகத் தயாரிக்க ஒரு நாளுக்கும் மேல் ஆகும்.