உரிமைத் தொகை வரவில்லையா? முதலில் எந்த வங்கி என்று பாருங்கள்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரவில்லை என்றால் பலரும் நேராகப் பாஸ்புக்கோடு வங்கிக்கு ஓடுகிறார்கள். பணம் வேறு வங்கியில் விழுந்திருக்கலாம். ஒரே ஆதாரைப் பல கணக்குகளில் கொடுத்திருந்தாலும், அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். நகைக்கடனுக்காக எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்காகக்கூட அது இருக்கும்!

அதைக் கண்டுபிடிக்க, பட்டன் போனிலேயே *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுங்கள். நெட் இருந்தால், ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். வங்கியின் பெயர் வரும். ஓடிபி ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்த சிம் கையில் இருக்கட்டும்.

சரி, விண்ணப்பமே என்ன ஆனது என்று தெரியவில்லையா? திட்டத்தின் இணையதளத்தில் ஆதார் எண் கொடுத்துப் பார்க்கலாம். போன் பழக்கமில்லாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்கலாம், 1100க்கும் அழைக்கலாம். நிராகரித்ததாகக் குறுஞ்செய்தி வந்திருந்தால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். அப்புறம் ஒன்று, ஓடிபியைப் போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.