மின்சாரம் நின்றால் கராஜ் கதவைக் கையால் திறப்பது எப்படி?

2013 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவில் இரவெல்லாம் உறைமழை பெய்து, மரக்கொப்புகள் கண்ணாடி பூசியதுபோல் நின்றன. பாரம் தாங்காமல் முறிந்தவை மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்தன. நகரில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. ஸ்காபரோவில் எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. வெப்பமூட்டி எரிவாயுவில் எரிந்தாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். வீடு குளிர்ந்துகொண்டே போனது. ஏழு மாதக் குழந்தையோடு அங்கே இருக்க முடியாது. பிரம்டனில் அக்கா வீட்டில் மின்சாரம் இருந்தது. எங்கள் கார் கராஜுக்குள் இருந்தது. கராஜ் கதவோ மோட்டாரில் இயங்குவது.

அன்று அந்தக் கதவைத் திறக்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. முறை தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

1. கயிற்றைத் தொடுமுன் இரண்டைப் பாருங்கள்

கதவு தரையைத் தொட்டு முழுவதும் மூடியிருக்கிறதா? பாதியில் நிற்கும் கதவின் கயிற்றை இழுக்காதீர்கள். இரண்டு கார் அகலமுள்ள, வெப்பக்காப்புப் போட்ட இரும்புக் கதவு 70 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கித் தருவது மோட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாரத்தைச் சுமப்பது கதவுக்கு மேலே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். மோட்டார் சற்றே உந்திவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால், சுருள்களுக்கு நடுவே இரண்டு அங்குல இடைவெளி விழுந்திருந்தால் அது முறிந்துவிட்டது என்று பொருள். அப்போது எதையும் இழுக்கவேண்டாம், தூக்கவேண்டாம். தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சாதாரண ஸ்பிரிங்குகள் சுமார் 10,000 முறை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுகின்றன. நாளுக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடத்துக்குக் கிட்ட வரும். வீடு வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றால் யோசித்துப் பாருங்கள்.

2. மோட்டாரின் வயரைக் கழற்றிவிடுங்கள்

கூரையில் செருகியிருக்கும். நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பி, வீட்டுக்குள் யாராவது பொத்தானை அழுத்தினால் ஆபத்து. கதவின் பக்கத்தில் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

3. சிவப்புக் கயிறு

கூரையில் நீளமான தண்டவாளமும், அதில் ஓடும் ஒரு வண்டியும் இருக்கும். வண்டியிலிருந்து சிவப்புக் கைபிடியோடு கயிறு தொங்கும். இழுத்தால் கதவு மோட்டாரின் பிடியிலிருந்து விடுபடும்.

எந்தத் திசையில் இழுப்பது என்பது முக்கியம். என்னுடையது சங்கிலியில் இழுபடும் வகை. அதில் நேர் கீழே இழுத்தால் விடுபடும், ஆனால் கதவை மறுபடி மூடும்போது வண்டி பழைய இடத்துக்கு வந்து ‘டக்’ என்று தானாகப் பூட்டிக்கொள்ளும். கீழேயும் பின்னேயும், அதாவது மோட்டார் இருக்கும் பக்கமாகச் சாய்த்து இழுத்தால், விடுபட்ட நிலையிலேயே நிற்கும். நான் அன்று நேர் கீழே இழுத்தேன். காரை வெளியே எடுத்து, கதவை மூடிய பிறகுதான் குழந்தையின் பால்மா பை உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. கதவு மறுபடி அசையவில்லை. வீட்டுக்குள்ளால் சுற்றிவந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். உங்கள் இயந்திரம் வேறு வகையாக இருக்கலாம். கையேட்டில் அந்தப் படத்தை இன்றே பார்த்து, திசையைக் கராஜ் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கயிறு அசையவே இல்லை என்றால், மோட்டார் கதவைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. ஒருவர் கதவின் கைபிடியை மெல்ல மேலே உந்த, மற்றவர் இழுக்கவேண்டும்.

4. இழுத்தும் கதவு எழவில்லை என்றால்

என் நாற்பது நிமிடத்தில் பெரும் பகுதி போனது இங்கேதான். கயிற்றை இழுத்தேன், சத்தம் கேட்டது, ஆனால் கதவு எழவில்லை. பிடி விடவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இழுத்தேன். ஒரு மூலையைப் பிடித்துப் பலமாகத் தூக்கியதில் கீழ்ப் பலகை லேசாக வளைந்தது. அந்த வளைவு இன்றும் இருக்கிறது. கடைசியில் அத்தானைக் கைபேசியில் அழைத்தேன். “கயிற்றை விடும். கதவின் அடியைப் பார்த்தீரா? றப்பரில் ஐஸ் பிடித்திருக்கும்” என்றார்.

அதுதான் நடந்திருந்தது. கதவின் அடியில் உள்ள றப்பர் பட்டை சீமெந்துத் தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது. மோட்டாரின் பிடி விடவில்லையா, ஐஸ் பிடித்திருக்கிறதா என்று பிரித்தறிவது எளிது. கதவையும் வண்டியையும் இணைக்கும் இரும்புக் கையை அசைத்துப் பாருங்கள். வண்டி தண்டவாளத்தில் கொஞ்சமாவது நகர்ந்தால் பிடி விட்டுவிட்டது. இனித் தேட வேண்டிய இடம் தரை.

வீட்டின் முன்வாசலால் வெளியே வந்து, பிளாஸ்டிக் சுரண்டியால் றப்பரின் அடியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெல்லப் பிரியுங்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம், றப்பரைக் கிழிக்கும். காரின் கண்ணாடி கழுவும் குளிர்கால நீர்மத்தை அந்த ஓரத்தில் ஊற்றினால் ஐஸ் இளகும். எனக்கு இதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை. கொதிநீர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ஊற்றிய நீர் அரை மணியில் உறைந்து, முன்பைவிடத் தடித்த ஐஸாகிவிடும். கல்லுப்பு சீமெந்தையும் இரும்பையும் அரிக்கும். குளிர்காலம் தொடங்கும் முன்பே றப்பரில் சிலிக்கோன் தெளித்துவிட்டால் பெரும்பாலும் ஒட்டாது. பெற்றோலியம் கலந்த எண்ணெய்கள் றப்பரைக் கெடுக்கும் என்பதால் சிலிக்கோனைத்தான் சொல்கிறேன்.

5. தூக்குவது

நடுவில் நின்று, முழங்காலை மடித்து, இரண்டு கைகளாலும் ஒரே சீராகத் தூக்குங்கள். பலகைகள் சந்திக்கும் இடுக்கில் விரலை வைக்காதீர்கள். ஸ்பிரிங் நலமாக இருந்தால் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்குவதுபோல்தான் இருக்கும். இடுப்பு உயரத்தில் மெதுவாகக் கையைத் தளர்த்தினால் அங்கேயே நிற்கவேண்டும். பாரமாக இருந்தாலோ, கீழே இறங்க முயன்றாலோ, மெல்லக் கீழே விட்டு நிறுத்துங்கள்.

முழுவதும் திறந்த பிறகு, பூட்டிப் பிடிக்கும் குறட்டை, வைஸ் கிரிப் என்று கடையில் கேட்பதை, கதவின் ஓரத்தில் ஓடும் சில்லுகளில் கடைசியானதற்குக் கீழே, பக்கத் தண்டவாளத்தில் இறுக்குங்கள். கம்போ தடியோ முட்டுக்கொடுப்பதை நான் நம்புவதில்லை; கார் தட்டினால் சரிந்துவிடும். குறடு இறுகிய பிறகே காரை எடுங்கள்.

காரைக் கராஜுக்குள் ஓடவிட்டுச் சூடாக்கவே வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் கூட. கார்பன் மொனொக்சைடுக்கு மணம் இல்லை. அந்த ஐஸ் புயல் நாள்களில் ஒன்ராறியோவில் அந்த வாயுவால் உயிரிழந்தவர்கள் உண்டு. ஜெனரேட்டரும் கராஜுக்கு வெளியே, வீட்டிலிருந்து தள்ளியே இருக்கவேண்டும்.

6. மூடுவதும் மறுபடி இணைப்பதும்

மோட்டாரிலிருந்து விடுபட்ட கதவைத் தெருவில் போகும் எவரும் தூக்கலாம். ஆகவே குறட்டைக் கழற்றி, கைபிடியைப் பிடித்து இறக்கி, தாழ்ப்பாளைப் போடுங்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால் அதே குறட்டை ஒரு சில்லுக்குச் சற்று மேலே தண்டவாளத்தில் இறுக்கிவிடலாம். பிறகு வீட்டுக்குள்ளால் வெளியே வந்து, சுவர்ப் பொத்தானின் மேல் “பூட்டியிருக்கிறது, அழுத்த வேண்டாம்” என்று ஒரு தாள் ஒட்டுங்கள். பூட்டிய கதவை மோட்டார் இழுத்தால் பலகை மடங்கிவிடும்.

மின்சாரம் வந்ததும் தாழ்ப்பாளையும் குறட்டையும் நீக்கி, கயிற்றை நேர் கீழே ஒரு முறை இழுத்து, வயரைச் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். வண்டி வந்து பூட்டிக்கொள்ளும். இதுவும் என் இயந்திரத்தின் முறையே.

பின்னர் சேர்த்தவை

ஏஜக்சில் இருக்கும் ஒரு வாசகருக்கு வீட்டோடு ஒட்டாத தனிக் கராஜ். வேறு வாசல் இல்லை. கயிறு உள்ளே, அவர் வெளியே. இப்படிப்பட்டவர்கள் கதவின் மேற்பகுதியில் வெளியிலிருந்து திறக்கும் அவசரப் பூட்டு ஒன்றைப் பொருத்தவேண்டும். திறப்பைப் போட்டு உருளையை வெளியே இழுத்தால், அதனோடு வரும் கம்பி உள்ளே உள்ள பிடியை விடுவிக்கும். அந்தத் திறப்பைக் கராஜுக்குள் வைக்காதீர்கள்.

பற்றரி உள்ள மோட்டார் தேவையா என்று சிலர் கேட்டார்கள். தேவை. 2017 காட்டுத்தீயில் மின்சாரம் இல்லாமல் கராஜ் கதவைத் திறக்க முடியாதவர்கள் இறந்த பிறகு, கலிபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியது. 2019 ஜூலை 1 முதல் அங்கே வீடுகளுக்கு விற்கும் புதிய கராஜ் மோட்டார்களில் பற்றரி இருந்தாக வேண்டும். மோட்டார் மாற்றும் காலம் வந்தால் நீங்களும் அப்படிப்பட்டதையே வாங்குங்கள். ஆனால் பற்றரியும் தேயும், கயிற்றை மறக்கக்கூடாது.

இன்னொன்று, அம்மா காட்டித் தந்தது. கயிற்றின் கைபிடி தரையிலிருந்து ஆறு அடி உயரத்தில் இருப்பது வழக்கம். எழுபது வயதுக்கு மேலான அம்மாவுக்கு அது வசதியாக எட்டவில்லை. கயிற்றை நீட்டினால் காரின் கூரையில் மாட்டிக்கொள்ளும். அதனால் வழுக்காத இரண்டு படி ஏணி ஒன்றை வாங்கிக் கராஜ் வாசலருகே மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் வயரைக் கழற்றி, வீட்டில் எல்லாரும் ஒரு முறை திறந்து பார்க்கிறோம். சென்ற முறை அம்மா தாமே ஏறிக் கயிற்றை மோட்டார் பக்கமாக இழுத்தார். இறங்கி வந்து கதவை ஒரே மூச்சில் தூக்கினார்.