கோடையில் கோழிக்குத் தண்ணீர் வைப்பதில் செய்யும் தவறுகள்

காலண்டரில் அக்னி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரைதான். ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பங்குனியிலேயே செம்மண் தரை கால் வைக்க முடியாமல் சுட ஆரம்பித்துவிடும். அந்தச் சமயத்தில் பின்கட்டில் வளர்க்கிற கோழி ஒன்றிரண்டு செத்தால் எடுத்த எடுப்பில் வெள்ளைக்கழிச்சல் நோய் என்று சொல்லிவிடுகிறோம். எல்லாச் சாவும் அது இல்லை, முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

"தண்ணீர் வைத்துத்தானே இருக்கு" என்பீர்கள். காலையில் வைத்தது. மதியம் ஒரு மணிக்குப் போய் அதில் விரலை விட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக் பேசின் வெயிலில் கிடந்தால் குளிக்கிற வெந்நீர் மாதிரி இருக்கும். கோழிக்கு வியர்க்காது; வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை வெளியே விடும், ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். சாதாரண நாளில் சுமார் கால் லிட்டர் குடிக்கிற பெட்டைக்குக் கோடையில் அரை லிட்டர்கூட வேண்டியிருக்கும். ஆனால் தண்ணீர் சுட்டால் அலகை நனைத்துவிட்டு ஒதுங்கிவிடும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதனால் முட்டை குறைந்தால் தீவனத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைக் கவனியுங்கள்.

நிழல் என்று சொல்லி மதில் ஓரம் வைப்பார்கள். காலை நிழல் உச்சிப்பொழுதில் அங்கே இருக்காது. வேப்பமரத்தடியில் படுத்திருக்கிற கோழி வெயிலைத் தாண்டி வந்து குடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது படுக்கிற இடத்துக்கே சட்டி போகட்டும். ஒரே சட்டி வைத்தால் முரட்டுக் கோழி மற்றதைக் கொத்தி விரட்டும், ஆகவே இரண்டு இடத்தில் வையுங்கள்.

மொட்டைமாடிக் கறுப்பு டேங்க் தண்ணீரை மதியம் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றாதீர்கள். கிணற்றுத் தண்ணீரோ, பானையில் ஆறவைத்ததோ போதும். பாத்திரத்தில் மண்சட்டிக்கு ஈடு இல்லை, நிழலில் பாதி புதைத்து வைத்தால் சாயாது, சீக்கிரம் சூடாகாது. ஒரே குறை, உள்பக்கம் வழவழவென்று பாசி பிடிக்கும். தினமும் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயவையுங்கள், இரண்டு சட்டி இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். மோர் ஊற்றுவதானால் பித்தளை, அலுமினியம் வேண்டாம்.

அடைக்கோழியைப் பலரும் மறந்துவிடுகிறோம். அது பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கும், அந்தக் கொஞ்ச நேரத்தில் இரையும் தண்ணீரும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஆனால் முட்டை மேல் சிந்துகிற தூரத்தில் வைக்காதீர்கள். பஞ்சாரத்தில், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையில், குஞ்சுகள் இருந்தால் ஆழமான கிண்ணம் ஆபத்து, விழுந்து மூழ்கிவிடும். தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

அப்புறம், இறக்கையை விரித்துத் தலை தொங்கிக் கிடக்கிற கோழியின் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டுவதும், அலகைப் பிளந்து தொண்டையில் ஊற்றுவதும் செய்யவே கூடாது. மூச்சுக்குழலுக்குள் போனால் அதுவே கொன்றுவிடும். நிழலுக்குத் தூக்கிப்போய்க் காலையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள், அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். தானாகக் குடித்துத் தெளிந்த பிறகு இரை வைத்தால் போதும்.